வாழைப்பழம் விற்க ஓடிய சிறுவன் புற்று நோய்க்கு மருந்து கண்டார்!

புற்று நோய்க்கு மெதோட்ரெக்ஸேட் என்று ஒரு மருந்து உண்டு. உலகம் முழுவதும் டாக்டர்கள் கொடுக்கிறார்கள். இந்த மருந்து பிறந்தது, சென்னையில் படித்த ஒரு டாக்டரின் ஆராய்ச்சிக் கூடத்தில்!

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

தாயின் உறுதி

ஆந்திராவில் உள்ள பீமவரத்தில், 1895-ம் ஆண்டு ஜனவரி 12-ந்தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். காசிக்குப் போய் வாழைப்பழம் விற்றுப் பணக்காரன் ஆகலாம் என்று, 13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். தாயார் வெங்கம்மா விடவில்லை. மகனைத் திரும்ப அழைத்து வந்து படிக்க வைத்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறை தேறினார்.

கதர் அங்கி

சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியின் அழைப்பை ஏற்று, ஆபரேஷன் அறையில் கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கை நழுவியது. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது.

இதற்கிடையே வீட்டில் பேரிடி. ஓயாத வயிற்றுப்போக்கும் ரத்த சோகையும் தரும் ஸ்புரூ நோய்க்கு, சகோதரர்கள் இருவர் அடுத்தடுத்துப் பலியானார்கள்.

1922-ல் சுப்பாராவ் அமெரிக்கா போனார். மாமனார் பண உதவி செய்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலச்சட்டி கழுவும் வேலை!

கள்ளச் சாவி

1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1945-ல் அவரது குழுவினர் போலிக் அமிலம் என்ற வைட்டமினைச் செய்து முடித்தார்கள். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கு அது மருந்து ஆயிற்று!

உடம்பின் அணுக்கள் பெருக இந்த வைட்டமின் வேண்டும். புற்று அணுக்களுக்கும் வேண்டும். அதைக் கிடைக்காமல் செய்தால்?

வைட்டமினைப் போலவே இருக்கும் ஒரு போலிப் பொருளைச் செய்தார்கள். அது கள்ளச் சாவி போன்றது. பூட்டுக்குள் நுழையும், திறக்காது. நல்ல சாவியையும் நுழைய விடாது.

அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை, பாஸ்டன் நகர டாக்டர் சிட்னி பார்பர், ரத்தப் புற்று நோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். 10 குழந்தைகள் தேறினார்கள். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. ஆனாலும், அந்த நோயை ஒரு மருந்து தடுத்து நிறுத்த முடியும் என்று தெரிந்து விட்டது. சோதனையின் முடிவு 1948 ஜூன் மாதம் வெளியாயிற்று. அந்த மருந்தின் தம்பிதான் மெதோட்ரெக்ஸேட்.

நம் ஊருக்கு வந்த மாத்திரை

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 53-வது வயதில் சுப்பாராவ் மாரடைப்பால் இறந்தார். கப்பல் ஏறிய பிறகு அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. மனைவியை மறுபடி பார்க்கவும் இல்லை.

ஆனால், அவருடைய குழு கண்ட இன்னொரு மருந்து இங்கே வந்தது. அது யானைக்கால் மாத்திரை! பெரிய முதலியார்சாவடியும் மரக்காணமும் உள்ள விழுப்புரம் மாவட்டத்தில், நோய் இல்லாதவர்களுக்கும் அதை வீடு வீடாகக் கொடுத்தார்கள். ரத்தத்தில் உள்ள கிருமியை அது ஒழிப்பதால், கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டு போக முடியாது.

பரீட்சையில் இரு முறை தோற்ற பையனின் உழைப்பு, வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது!