பெயரில்லாத துப்பாக்கி: செர்கேய் மோசினின் கதை

1943ஆம் ஆண்டு வெளிவந்த ‘இரு வீரர்கள்’ என்ற சோவியத் திரைப்படம், முற்றுகையில் சிக்கிய லெனின்கிராட் நகரைக் காக்கும் இரு நண்பர்களைப் பற்றியது. அந்தப் படத்திலும், அந்தப் போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட மற்ற சோவியத் படங்களிலும் ஓர் ஆயுதம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மரக்கட்டை பொருத்திய நீண்ட துப்பாக்கி அது. அதை வடிவமைத்தவர் அந்தப் போருக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் வாழ்ந்தவரை அவருடைய பெயர் அந்தத் துப்பாக்கிக்குச் சூட்டப்படவே இல்லை.

செர்கேய் இவானோவிச் மோசின் 1849ஆம் ஆண்டு, ரஷ்யாவின் வொரோனெஷ் மாநிலத்தில் உள்ள ராமோன் என்ற ஊரில் பிறந்தார். தந்தை, படையிலிருந்து ஓய்வுபெற்றுப் பண்ணை ஒன்றை நிர்வகித்து வந்த எளிய மனிதர். மோசினுக்கு நான்கு வயதானபோது தாயார் காலமானார். வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பின் வழியே முன்னேற இராணுவப் பள்ளி ஒரு வாய்ப்பாக இருந்தது. 12 வயதில் அங்குச் சேர்ந்த மோசின், படிப்படியாக உயர்ந்து, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த பீரங்கிப் படைக் கல்விக்கழகத்தில் 1875இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு தூலா நகரின் ஆயுதத் தொழிற்சாலையில் பணியில் அமர்ந்தார்.

அப்போது ரஷ்யப் படையினரிடம் இருந்தது பெர்தான் துப்பாக்கி. ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைக் கையால் நிரப்ப வேண்டும். 1877இல் துருக்கியோடு நடந்த போரில், பல தோட்டாக்களைத் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகளுக்கு எதிரே ரஷ்யப் படை பெரும் இழப்பைச் சந்தித்தது. புதிய துப்பாக்கி தேவை என்பது தெளிவானது. மோசின் 1880களில் அந்த வேலையில் இறங்கினார்.

அதில் ஒரு முக்கியச் சிக்கல் இருந்தது. ரஷ்யத் தோட்டாவின் அடிப்பகுதியில் விளிம்பு புடைத்திருக்கும். தோட்டாக்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால், ஒன்றின் விளிம்பு மற்றொன்றில் மாட்டிக்கொள்ளும். அல்லது இரண்டு தோட்டாக்கள் ஒரே நேரத்தில் மேலே வந்து துப்பாக்கி அடைத்துக்கொள்ளும். போர்க்களத்தில் இது உயிருக்கே ஆபத்து. மேலே உள்ள ஒரு தோட்டாவை மட்டும் விடுவித்து, மற்றவற்றைக் கீழேயே பிடித்துவைக்கும் ஒரு சிறு தகட்டை மோசினின் துப்பாக்கி கொண்டிருந்தது. சின்னஞ்சிறு பாகம்தான். ஆனால், அந்தத் துப்பாக்கியின் நம்பகத்தன்மைக்கு அது பெரிதும் துணை நின்றது.

மோசினுக்குப் போட்டியாக வந்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் நாகந்த். அவருடைய மாதிரித் துப்பாக்கிகள் அழகாகவும் நேர்த்தியாகவும் செய்யப்பட்டிருந்தன. தேர்வுக் குழுவில் முதலில் 14 பேர் நாகந்துக்கும் 10 பேர் மோசினுக்கும் ஆதரவளித்தனர். ஆயினும் மோசினின் துப்பாக்கி எளிமையானது, குறைந்த செலவில் செய்யக்கூடியது என்ற வாதம் இறுதியில் வென்றது. அவருடைய வடிவமைப்போடு, தோட்டாக்களை மொத்தமாக நிரப்பும் முறை உள்ளிட்ட நாகந்தின் சில அம்சங்களும் சேர்க்கப்பட்டன.

1891இல் துப்பாக்கிக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதில் பிறருடைய பங்கும் இருப்பதால் மோசினின் பெயரைச் சூட்ட முடியாது என்று போர் அமைச்சர் வன்னோவ்ஸ்கி கருதினார். அதை ரஷ்யத் துப்பாக்கி என்று அழைக்கலாம் என்பது அவருடைய பரிந்துரை. பேரரசர் மூன்றாம் அலெக்சாண்டர், ரஷ்ய என்ற சொல்லையும் அடித்துவிட்டார். எஞ்சியது ‘1891ஆம் ஆண்டு மாதிரி மூன்று லைன் துப்பாக்கி’ என்ற பெயர் மட்டுமே. லைன் என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு; மூன்று லைன் என்றால் 7.62 மில்லிமீட்டர். நாகந்துக்கு 2,00,000 ரூபிள் வழங்கப்பட்டது. மோசினுக்குக் கிடைத்ததோ 30,000 ரூபிள். இந்த வேறுபாடு அவரை ஆழமாகப் புண்படுத்தியது.

அந்தப் பணம் அவருடைய சொந்த வாழ்க்கைக்கும் தேவைப்பட்டது. தூலாவில் அவர் வர்வாரா அர்செனியேவா என்ற பெண்ணை நேசித்தார். அவர் கணவரைப் பிரிந்து மூன்று மகன்களோடு வாழ்ந்தவர். மணவிலக்குத் தர அந்தக் கணவர் 50,000 ரூபிள் கேட்டார். ஓர் அதிகாரியின் சம்பளத்தில் அது எட்டாத தொகை. ஆத்திரத்தில் மோசின் அவரை இருவர் போருக்கு அழைத்து, அதற்காகத் தண்டனையும் பெற்றார். பல ஆண்டுகள் காத்திருந்த பிறகு, பரிசுப் பணம் கைக்கு வந்த 1891ஆம் ஆண்டில்தான் இருவரும் திருமணம் செய்துகொண்டனர்.

1894இல் மோசின் செஸ்த்ரோரெத்ஸ்க் ஆயுதத் தொழிற்சாலையின் தலைவரானார். 1900இல் மேஜர் ஜெனரல் பதவி கிடைத்தது. 1902ஆம் ஆண்டு தொடக்கத்தில் நிமோனியா காய்ச்சலால் தம் 52ஆம் வயதில் இறந்தார். தாம் உருவாக்கிய துப்பாக்கி இரண்டு உலகப் போர்களில் எத்தனை உயிர்களைப் பறித்தது, எத்தனை நகரங்களைக் காத்தது என்பதை அவர் அறியவே இல்லை.

சோவியத் காலத்தில்தான் மோசினின் பெயர் துப்பாக்கியோடு சேர்ந்தது. 1930இல் அது மேம்படுத்தப்பட்டது. ஸ்டாலின்கிராட்டில் குறிபார்த்துச் சுடுவதில் புகழ்பெற்ற வாசிலி சாய்த்செவ் பயன்படுத்தியதும் அதுதான். மேற்கு நாடுகளில் மட்டும் இன்றும் மோசின்-நாகந்த் என்றே அழைக்கின்றனர்.

மோசின் அடக்கம் செய்யப்பட்ட செஸ்த்ரோரெத்ஸ்க், லெனின்கிராட்டுக்கு அருகில் உள்ள நகரம். 1941இல் வடக்கிலிருந்து வந்த ஃபின்லாந்துப் படை அதன் அருகிலேயே தடுத்து நிறுத்தப்பட்டது. அங்குக் காவல் நின்ற வீரர்களின் கைகளில் இருந்தவை அவர் வடிவமைத்த துப்பாக்கிகள். பாராட்டு தாமதமாக வரலாம். சில சமயம் நாம் இருக்கும்போது வராமலும் போகலாம். அடுத்த முறை ஒரு பழைய போர்ப்படத்தைப் பார்க்கும்போது, அந்த நீண்ட துப்பாக்கிக்குப் பின்னால் தம் பெயருக்காகக் காத்திருந்த ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.