வான்வலம் வந்த வள்ளல்

பறவையைப் போல வானிற் பறத்தல் வேண்டும் என்னும் ஆவல் மக்கள் உள்ளத்தில் நெடுங்காலமாகவே குடிகொண்டிருந்தது. அவ்வாவல் முதலிற் கதைகளிலும் காப்பியங்களிலும் வெளிப்பட்டது. சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியை நாம் அறிவோம். சச்சந்த மன்னன் தன் தேவி விசயையின் பொருட்டு, விசையைத் திருகிய அளவில் மேலெழுந்து பறக்கும் மயில் ஒன்றைச் செய்வித்தான் என்று திருத்தக்கதேவர் பாடியுள்ளார். கற்பனை முன்னே செல்ல, கைத்தொழில் அதன் பின்னே செல்லுதல் உலக இயல்பு. கதையிற் படித்த வானூர்தியைத் தம் உழைப்பால் மெய்யாக்கிக் காட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம். அவர்தாம் ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டுமாண்ட் என்பவர்.

இளமை

தென்னமெரிக்காவிலுள்ள பிரேசில் நாட்டில், மினாஸ் ஜெராய்ஸ் என்னும் மாநிலத்தில், 1873ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20ஆம் நாள் ஆல்பர்ட்டோ பிறந்தார். அவர்தம் தந்தையார் பொறியியல் கற்றவர். பின்னர்ப் பெரியதொரு காப்பித் தோட்டத்துக்கு உரிமையாளராய் விளங்கியவர். காப்பிக் கொட்டையைக் கழுவவும், உலர்த்தவும், தோல் நீக்கவும், தரம் பிரிக்கவும் அத்தோட்டத்திற் பலவகைப் பொறிகள் இயங்கின. விளைபொருளைக் கொண்டு செல்லத் தோட்டத்தினுள்ளேயே இருப்புப்பாதையும் அமைந்திருந்தது. சிறுவர் ஆல்பர்ட்டோ அப்பொறிகளின் அருகிலேயே தம் பொழுதைக் கழித்தார். பன்னிரண்டு வயதிலேயே புகைவண்டிப் பொறியைத் தாமே ஓட்டக் கற்றுக்கொண்டார்.

ஓய்வு நேரங்களில் அவர் விரும்பிப் படித்தவை, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் இயற்றிய புதினங்கள். கடலின் அடியிலும் வானின் மிசையும் மக்கள் விந்தைப் பொறிகளில் ஏறிச் செல்லும் கதைகள் அவை. அவற்றைப் படிக்குந்தோறும் அவருடைய உள்ளம் வானிற் பறந்தது.

அந்நாட்டுச் சிறுவர் ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. தலைவனாய் இருப்பவன் ஒவ்வொரு பெயராகச் சொல்லி, அது பறக்குமா என்று கேட்பான். பறக்கும் பொருளாயின் மற்றவர் விரலை உயர்த்த வேண்டும். பறவாத பொருளுக்கு விரலை உயர்த்தினால் தண்டம் கொடுக்க வேண்டும். மனிதன் பறப்பானா என்று கேட்ட போதெல்லாம் ஆல்பர்ட்டோ தவறாமல் விரலை உயர்த்துவார். தோழர்கள் நகைப்பார்கள், தண்டம் கேட்பார்கள். அவரோ தாம் கூறியது உண்மையே என்று சாதித்துத் தண்டம் கொடுக்க மறுத்துவிடுவார்.

பாரிசு நகரில்

1891ஆம் ஆண்டில் அவர் பெற்றோருடன் பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்குச் சென்றார். தந்தையார் வண்டியிலிருந்து விழுந்து உடல் நலிந்திருந்த காலம் அது. அவர் தம் மகனுக்குரிய செல்வத்தை அடுத்த ஆண்டிலேயே பிரித்துக் கொடுத்து, பௌதிகமும் இரசாயனமும் இயந்திர நூலும் கற்குமாறு பணித்தார். உலகின் வருங்காலம் இயந்திரங்களைச் சார்ந்தது என்பது அப்பெரியவரின் துணிபு. அவர் அவ்வாண்டிலேயே மறைந்தார். மைந்தர் தந்தை சொல்லைத் தலைமேற் கொண்டு கற்றார்.

அக்காலத்தில் ஆகாயக் கூண்டுகள் வழக்கில் இருந்தன. காற்றினும் இலேசான ஹைட்ரஜன் வாயுவைப் பெரிய பையில் நிரப்பினால் அது மேலெழும். ஆனால், எழுந்தபின் காற்று அடித்துச் செல்லும் திசையிலேயே அது செல்லும். விரும்பிய திசையிற் செலுத்த இயலாது. கூண்டைக் கப்பல் போலச் செலுத்துதற்கு அறிஞர் பலர் முயன்றனர். 1852ஆம் ஆண்டில் கிஃபார்டு என்பவர் நீராவி எஞ்சினைப் பொருத்திப் பாரிசிலிருந்து பறந்தார். எஞ்சினின் பளுவோ மிகுதி, ஆற்றலோ குறைவு. ஆதலின் எதிர்க்காற்றை வென்று அவரால் மீள இயலவில்லை. 1884ஆம் ஆண்டில் ரெனார், கிரெப்ஸ் என்னும் இருவர் மின்சாரத்தாற் கலம் செலுத்திப் புறப்பட்ட இடத்துக்கே மீண்டனர். எனினும் மின்கலங்களின் பளு அம்முறையை வளரவிடவில்லை.

அப்பொழுதுதான் பெட்ரோல் எஞ்சின் தோன்றியிருந்தது. அது சிறியது, ஆற்றல் மிக்கது. ஆனால், எளிதில் தீப்பற்றும் வாயுவின் கீழே நெருப்பை உமிழும் எஞ்சினைத் தொங்கவிடுதல் அறிவின்மை என்று பலரும் கருதினர். ஆல்பர்ட்டோ தாமே சோதித்துப் பார்க்கத் துணிந்தார். எஞ்சின் பூட்டிய முச்சக்கர வண்டி ஒன்றை மரக்கிளையிற் கயிறுகளாற் கட்டித் தொங்கவிட்டு இயக்கினார். நிலத்தில் ஓடுங்கால் பெரிதும் அதிர்ந்த அவ்வெஞ்சின், வெளியில் தொங்கியபோது அதிர்வு குறைந்து இயங்கியது. அவருடைய ஐயம் அகன்றது.

முதற்கலம்

பட்டுத் துணியால் நீண்ட பை செய்து, அதன் கீழே எஞ்சினையும் கூடையையும் பொருத்தி, 1898ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20ஆம் நாள் அவர் மேலெழுந்தார். கலம் அவர் திருப்பிய திசையில் எல்லாம் திரும்பியது. ஆனால், இறங்கும் வேளையில் வாயு சுருங்கியது. பையின் வடிவைக் காத்தற்குரிய காற்றுக் குழாய் தன் வேலையைச் செய்யவில்லை. கலம் நடுவில் மடிந்து விரைந்து வீழலாயிற்று. கீழே திறந்த வெளியிற் சிறுவர் சிலர் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தனர். ஆல்பர்ட்டோ தம் கலத்திலிருந்து தொங்கிய கயிற்றைப் பற்றிக்கொண்டு காற்றுக்கு எதிராக ஓடுமாறு அவர்களை நோக்கிக் கூவினார். காற்றாடியின் இயல்பறிந்த அச்சிறுவர் உடனே அவ்வாறு செய்தனர். வீழ்ச்சியின் வேகம் தணிந்தது. அவர் உயிர் பிழைத்தார்.

கோபுரத்தை வலம் வருதல்

1900ஆம் ஆண்டில் பெட்ரோலிய வணிகராகிய டாய்ச் என்னும் செல்வர் ஒரு பரிசை அறிவித்தார். பாரிசை அடுத்த செயின்ட் கிளூ என்னுமிடத்திலிருந்து புறப்பட்டு, அந்நாளில் 300 மீட்டர் உயரமிருந்த ஈபெல் கோபுரத்தைச் சுற்றி, 30 நிமிடத்துக்குள் மீளுவோர்க்கு 100,000 பிராங்கு வழங்கப்படும் என்பதே அது.

ஆல்பர்ட்டோ தம் ஐந்தாம் கலத்துடன் முயன்றார். 1901ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் எஞ்சின் நின்றுவிட, ஒரு தோட்டத்து மரத்தின்மேல் வீழ்ந்தார். அண்மையில் வாழ்ந்த பிரேசில் அரச குலத்து இசபெல் இளவரசியார் மரத்தின்மேல் இருந்த அவருக்கு உணவு அனுப்பினார். ஆகஸ்டுத் திங்கள் 8ஆம் நாள் மீண்டும் முயன்றார். வாயு கசிந்து கலம் தளர்ந்து, உயர்ந்த விடுதி ஒன்றின் கூரையில் மோதி வெடித்தது. சுவரின் ஓரத்திலே தொங்கிய அவரைத் தீயணைப்போர் கயிறு விட்டு மீட்டனர். வேறொருவராயின் அன்றே இம்முயற்சியைக் கைவிட்டிருப்பர். அவரோ அன்று மாலையே அடுத்த கலத்தைச் செய்ய ஆணையிட்டார்.

அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள், 33 மீட்டர் நீளமுள்ள ஆறாம் கலம் எழுந்தது. ஏறத்தாழ ஒன்பது நிமிடத்திற் கோபுரத்தை அடைந்து அதை வலம் வந்தது. மீளும் வழியில் எஞ்சின் தளர்ந்தது. அவர் சுக்கானை விட்டு நீங்கி, எஞ்சினைச் சரிசெய்து மீண்டும் கலத்தைச் செலுத்தினார். எல்லைக் கோட்டை அவர் கடந்தபோது 29 நிமிடம் 30 விநாடி ஆகியிருந்தது. கயிற்றைப் பற்றிக் கலத்தை நிறுத்தும்போது 30 நிமிடம் கடந்துவிட்டமையால் நடுவர்கள் தயங்கினர். மக்களோ அவருக்கே பரிசு உரியது என்று முழங்கினர். சில நாள் ஆராய்ந்தபின் நடுவர்களும் அதற்கு இசைந்தனர்.

பெற்ற பெரும்பொருளில் ஒரு காசும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பகுதியைத் தம்முடன் உழைத்தோருக்குப் பகிர்ந்தளித்தார். மற்றொரு பகுதியைப் பாரிசு நகரத்து ஏழைகளுக்கு ஈந்தார். வறுமையால் தம் தொழிற்கருவிகளை அடகு வைத்திருந்த தொழிலாளர் பலர் அப்பொருளால் அவற்றை மீட்டுக்கொண்டனர். கருவியின் அருமையைத் தம் கையால் உணர்ந்தவர் செய்த அறம் அது.

விமானமும் உரிமையும்

பறக்கும்போது இரு கைகளும் கலத்தைச் செலுத்துவதில் ஈடுபட்டிருந்தமையாற் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்ப்பது அவருக்கு அரிதாயிற்று. அவர்தம் நண்பர் லூயி கார்ட்டியே, 1904ஆம் ஆண்டில், மணிக்கட்டில் அணியும் கடிகாரம் ஒன்றை அவருக்காகச் செய்து கொடுத்தார்.

பின்னர் அவர் காற்றினும் கனமான விமானத்தின்பால் மனத்தைச் செலுத்தினார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் 1903ஆம் ஆண்டிலேயே விமானத்திற் பறந்திருந்தனர். எனினும் ஐரோப்பிய மக்கள் அதைக் கண்ணாற் கண்டிலர். 1906ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12ஆம் நாள், திரண்டிருந்த மக்கள் காண, ஆல்பர்ட்டோ தம் விமானத்தில் 220 மீட்டர் தூரம் பறந்தார். அடுத்து, மூங்கிலும் பட்டும் கொண்டு தெமுவாசெல் என்னும் சிறு விமானத்தைச் செய்தார். அதற்குத் தனியுரிமை ஏதும் அவர் பெறவில்லை. விரும்பிய எவரும் செய்துகொள்ளுமாறு அதன் அமைப்பை உலகுக்கே அளித்துவிட்டார்.

துயரம்

1910ஆம் ஆண்டில் நோய் அவரைப் பற்றியது, பறத்தலைக் கைவிட்டார். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. மக்களை ஒன்றுசேர்க்கும் என்று அவர் நம்பிய வானூர்திகள், ஊர்களின்மேல் குண்டு பொழியலாயின. அதனினும் கொடிதாக, கடற்கரையிலே தொலைநோக்கியால் விண்மீன்களைக் கண்டுகொண்டிருந்த அவரையே பகைவரின் ஒற்றர் என்று ஐயுற்று, காவலர் அவர் இல்லத்தைச் சோதித்தனர். மனம் நொந்த அவர், தம் ஆராய்ச்சிக் குறிப்புகளைத் தீயிலிட்டார்.

1926ஆம் ஆண்டில், வானூர்திகளைப் போர்க்கருவியாகக் கொள்ளுதலைத் தடுக்க வேண்டும் என்று சர்வதேச சங்கத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். அது நிறைவேறவில்லை. 1928ஆம் ஆண்டில் அவர் கப்பலிற் பிரேசில் திரும்பியபோது, அவரை வரவேற்க வந்த விமானம் அவர் கண்ணெதிரே கடலில் வீழ்ந்தது. அதிலிருந்தோர் அனைவரும் மாண்டனர். அவர் உள்ளம் உடைந்தது. 1932ஆம் ஆண்டில் அவர் நாட்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டு, உடன்பிறந்தார் போன்ற மக்கள் ஒருவர்மேல் ஒருவர் விமானத்திலிருந்து குண்டு வீசினர். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 23ஆம் நாள், ஆற்றொணாத் துயரத்தினிடையே, 59ஆம் வயதில், அவர்தம் வாழ்வு முடிவுற்றது.

அவர் பிறந்த ஊர் இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. ரியோ டி ஜெனீரோ நகரத்து விமான நிலையம் ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மாணவர்களே! மனிதன் பறப்பான் என்று விரலை உயர்த்திய சிறுவரின் சொல் பொய்க்கவில்லை. பறக்கும் மனிதன் எதற்காகப் பறத்தல் வேண்டும் என்பதே அவர் நம்மிடம் விட்டுச் சென்ற வினா. காற்றாடிக் கயிற்றைப் பற்றிய சிறுவர் கைகள் ஓர் உயிரைக் காத்தன. குண்டை எறிந்த கைகள் பல உயிர்களை அழித்தன. நூலறிவும் தொழிலறிவும் பெறும் நீங்கள், அவ்வறிவைச் செலுத்தும் திசையையும் அறிந்து செலுத்துவீர்களாக.