லிப்டன்: கடைக் கணக்கை வைத்துத் தேயிலை விற்றவர்

ஜொகூர் பாரு சூப்பர்மார்க்கெட்டில் மஞ்சள் நிற லிப்டன் பெட்டியைப் பார்த்திருப்பீங்க. அது வெறும் பிராண்ட் இல்லை, ஒரு மனிதரின் பெயர். தாமஸ் லிப்டன், 1848-இல் கிளாஸ்கோவில் சின்ன மளிகைக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தார். பதின்ம வயதில் அமெரிக்கா போய்ப் பல வேலை பார்த்துவிட்டு, ஊர் திரும்பி 1871-இல் சொந்தக் கடை திறந்தார். வெண்ணெய், முட்டை, பன்றி இறைச்சி. தேங்கினால் கெட்டுப்போகும் சரக்கு.

பல ஊர்களில் கடைகள் வந்த பிறகுதான் தேயிலையில் இறங்கினார். அந்தக் காலத்தில் தேயிலை எப்படி வந்தது தெரியுமா? கப்பலில் இருந்து லண்டன் கிடங்கு, அங்கிருந்து மின்சிங் லேன் தரகர்கள், பிறகு மொத்த வியாபாரி, கடைசியாகத்தான் கடை. போகிற இடமெல்லாம் பெட்டி காத்துக் கிடக்கும். கிடங்கு வாடகையும் தரகும் விலையில் ஏறிடும்.

லிப்டனிடம் ஒரு வசதி இருந்தது. கடைகள் அவருடையவை, எந்த ஊரில் எவ்வளவு விற்குதுன்னு தெரியும். 1890-இல் இலங்கைக்குப் போனார். இலை நோயால் காப்பி அழிந்து, தோட்டங்கள் மலிவாகக் கிடைத்த நேரம் அது. ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். ஒரு பவுண்டு தேயிலை 3 ஷில்லிங் விற்ற காலத்தில் 1 ஷில்லிங் 7 பென்ஸுக்குக் கொடுத்தார், அதுவும் எடை போட்ட பாக்கெட்டில். பாய்மரப் படகுப் போட்டியில் 5 தடவை கோப்பையைத் தவறவிட்டதுகூட அவருக்கு விளம்பரமாச்சு!

ஆனா ஒரு சிக்கல். விற்பனை குறைஞ்சா கடைக்காரர் ஆர்டரைக் குறைக்கலாம்; செடிக்கு அது தெரியாதே. கொழுந்தை வாரம் பத்து நாளுக்குள் பறிக்கலைன்னா முற்றிடும். அதனால் தேவை சரிந்தாலும் சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

லிப்டன் 1931-இல் இறந்தபோது நடந்துகொண்டிருந்தது அதுதான். உலகப் பொருளாதார மந்தம். கையிருப்பு குவிந்தது, விலை விழுந்தது. இலங்கைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் கூலி வெட்டப்பட்டது. 1933-இல் இந்தியா, இலங்கை, டச்சு கிழக்கிந்தியா மூன்றும் ஏற்றுமதிக்கு வரம்பு வைத்தன.

ஜொகூரில் அது தேயிலை இல்லை, ரப்பர். கணக்கு ஒன்றுதான். பால்மரம் சீவிய ஆயிரக்கணக்கான தமிழர்களை 1930-32 காலத்தில் மலாயாவிலிருந்து கப்பலேற்றி இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினாங்க. உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, யாருக்காவது நினைவிருக்கலாம்.