படகுக்கு வேகம் தந்த பட்டறைக்காரர்

திண்டுக்கல்லில் பிறந்து வளர்ந்தவனுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நம் குடகனாற்றில் ஆண்டில் சில நாட்கள் நீர் ஓடும். மற்ற நாட்களில் மணலே தெரியும். ஆத்தூர் காமராசர் அணை நிறைந்துவிட்டால் அதைக் காண்பதற்கென்றே பேருந்து ஏறுகின்றவர்கள் நாம். ஆயினும் நம் ஊருக்குப் பூட்டுப் பட்டறை உண்டு. என் தாய்மாமா பூட்டுத் தொழிலாளி. அவர் அரம் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் இன்னொரு பட்டறைக்காரரின் வரலாற்றை இங்கு எழுதத் துணிகிறேன். படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் அவுட்போர்டு எஞ்சினை எளிய மக்களின் கையில் கொண்டு சேர்த்த ஓலே எவின்ரூட் அவர்களே அவர்.

ஓலே 1877-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் நார்வே நாட்டில் பிறந்தார். ஐந்து வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, விஸ்கான்சின் மாநிலத்தில் ரிப்ளி ஏரிக்கு அருகில் குடியேறினார். பள்ளிப் படிப்பு சில வகுப்புகளோடு நின்றது. தந்தை விவசாயி, மகனும் ஏர் பிடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். மகனோ விறகுக் கொட்டகையில் ஒளித்து வைத்துப் பாய்மரப் படகு கட்டினான். தந்தை அதைக் கண்டுபிடித்து உடைத்துப் போட்டார் என்றும், பையன் சளைக்காமல் மீண்டும் ஒன்று கட்டி, ஏரியில் ஆட்களை ஏற்றிக் காசும் சம்பாதித்தான் என்றும் சொல்வார்கள். தோற்றது யார் என்பதைத் தந்தையே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். பதினாறு வயதில் ஓலே மாடிசன் நகருக்குச் சென்று பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிறகு பிட்ஸ்பர்க், சிகாகோ நகரங்களின் எஃகு ஆலைகளிலும் வேலை பார்த்தார்.

1900-க்குப் பின் மில்வாக்கியில் சொந்தமாக எஞ்சின் செய்யத் தொடங்கினார். கை வேலையில் மன்னர். கடிதம் எழுதுவதிலும் கணக்கு வைப்பதிலும் நேர்மாறு. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் அக்கம்பக்கத்தில் இருந்த பெஸ் கேரி என்ற இளம்பெண். வணிகக் கல்வி பயின்ற அவர் ஓலேயின் கடிதங்களை எழுதிக் கொடுத்தார். 1906-இல் அவருக்கே வாழ்க்கைத் துணைவியும் ஆனார்.

அந்த ஆண்டுக் கோடையில் நடந்ததாக ஒரு கதை உண்டு. ஒக்காச்சி ஏரிக்குச் சுற்றுலா சென்ற இடத்தில் பெஸ் ஐஸ்கிரீம் வேண்டும் என்றாராம். ஓலே ஏரியின் மறுகரைக்குத் துடுப்புப் போட்டுச் சென்று வாங்கித் திரும்புவதற்குள் அது உருகிப் போயிற்றாம். கதை எவ்வளவு மெய்யோ, துடுப்புப் போட்ட கையின் வலி மெய்யாகவே இருந்திருக்கும். 1909-இல் அவர் செய்து முடித்த எஞ்சினைப் பார்த்த பெஸ், காப்பிக் கொட்டை அரைக்கும் மிஷின் போல் இருக்கிறது என்று சிரித்தாராம்.

அதன் அமைப்பு எளியது. மேலே சிலிண்டரும் சுழற்சக்கரமும். அங்கிருந்து நேர் கீழே நீருக்குள் இறங்கும் ஒரு தண்டு. அடியில் இரண்டு பல்சக்கரங்கள் அச்சுழற்சியைப் படுக்கைவாட்டில் திருப்பிவிட, முன்னே தள்ளும் விசிறி சுழலும். முழு எஞ்சினையும் கையால் திருப்பினால் படகும் திரும்பும்; சுக்கான் தேவையில்லை. எடை 62 பவுண்டு. ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். இதில் ஓலேதான் முதல்வர் என்று கூறுவது தவறு. டெட்ராய்ட் நகரின் கேமரான் வாட்டர்மன் சில ஆண்டுகளுக்கு முன்பே இவ்வகை எஞ்சினை விற்றிருக்கிறார். ஆனால் ஓலேயின் எஞ்சின் நம்பிக்கையோடு ஓடியது. இரவல் வாங்கிச் சென்ற நண்பர் ஒருவர் பத்து எஞ்சினுக்கான ஆர்டரும் பணமுமாகத் திரும்பி வந்தாராம். துடுப்பைத் தூக்கி எறியச் சொல்லி விளம்பரம் எழுதியவர் பெஸ். ஸ்காண்டிநேவிய மீனவர்கள் வரை எஞ்சின் போய்ச் சேர்ந்தது.

இரவு பகல் பாராத உழைப்பு பெஸ் அம்மையாரின் உடல்நலத்தைக் கெடுத்தது. 1914-இல் ஓலே தம் பங்கைக் கூட்டாளிக்கு விற்றுவிட்டார். ஐந்தாண்டுகள் அத்தொழில் பக்கம் வருவதில்லை என்றும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். தம் பெயர் பொறித்த எஞ்சினைத் தாமே செய்ய முடியாத நிலை! மனைவியையும் மகன் ரால்ஃபையும் அழைத்துக்கொண்டு காரிலும் படகிலும் ஊர் ஊராகச் சென்றார்.

இந்த இடத்தை வாசித்தபோது என்னால் மேலே செல்ல முடியவில்லை. அத்தை நோயில் விழுந்த ஆண்டு மாமாவும் பட்டறையைச் சாத்தினார். அத்தை தேறிவிட்டார், பட்டறை திறக்கவில்லை. அதற்குள் மலிவான மிஷின் பூட்டுகள் சந்தையை நிரப்பிவிட்டன. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியை நான் படித்துக் காட்டியபோது மாமா கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

ஓலேக்குத் திரும்பும் வழி இருந்தது. ஓய்வுக் காலத்திலும் அவர் மனம் சும்மா இருக்கவில்லை. அலுமினியத்தால் ஆன, இரண்டு சிலிண்டர் கொண்ட, முந்தியதைவிட எடை குறைந்த எஞ்சினை வரைந்து, கெடு முடிந்ததும் பழைய கூட்டாளியிடமே கொண்டுபோனார். அவர் வேண்டாம் என்றார். எனவே 1921 வாக்கில் எல்டோ என்ற பெயரில் புதுக் கம்பெனி பிறந்தது. பெயர் சூட்டியவர் உடல் தேறிய பெஸ் அம்மையார்தான். தம் பெயருக்கு எதிராகத் தாமே போட்டியிட்டு வென்றவர் ஓலே என்றால் மிகையாகாது. 1929-இல் எவின்ரூட் கம்பெனி, எல்டோ, லாக்வுட் ஆகிய மூன்றும் ஒன்றாக இணைந்தபோது அதன் தலைவரானவர் அவரே.

இதற்கிடையில் எஞ்சின் மீனவரின் தோழன் என்ற நிலையிலிருந்து பந்தயக் குதிரையாகவும் மாறியிருந்தது. 1928-இல் எல்டோ நான்கு சிலிண்டர் எஞ்சினை வெளியிட்டது. ஆற்றல் 18 குதிரைத்திறன். அப்பத்தாண்டின் முடிவில் அவுட்போர்டுப் பந்தயப் படகுகள் மணிக்கு 40 மைல் வேகத்தைத் தாண்டின. பெஸ் 1933-இல் காலமானார். ஓலே 1934 ஜூலை 12-இல், 57-ஆம் வயதில் மறைந்தார்.

அவர் காணாத வேகமும் உண்டு. 1960-களில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் ஆஞ்சலோ மோலினாரி என்பவர் இரட்டை உடல் கொண்ட கட்டமரான் பந்தயப் படகுகளுக்குப் பெயர்பெற்றார். இரு உடல்களுக்கும் நடுவே புகும் காற்று அழுந்தி, படகை நீரிலிருந்து தூக்கிவிடும்; நீரின் உராய்வு குறையும். தூக்கல் அளவு மீறினால் படகு மல்லாந்துவிடும். அவர் மகன் ரெனாட்டோ 1981-இல் ஃபார்முலா ஒன் படகுப் பந்தயப் பட்டம் வென்றார். எவின்ரூட் வழிவந்த கம்பெனியின் எட்டு சிலிண்டர் எஞ்சின்கள் அக்காலப் பந்தயங்களில் முழங்கின. கட்டமரான் என்பது நம் கட்டுமரமே என்று பெருமை கொள்வோர் ஒன்றை நினைவிற் கொள்க: நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை, இரட்டை உடல் படகு பசிபிக் தீவினரின் கலை. பெயர் மட்டுமே நாம் கொடுத்தது.

2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில் அப்பந்தயம் நடந்தபோது ரயிலேறிப் போய்ப் பார்த்தேன். மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பாயும் படகு கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுகிறது. திருப்பத்தில் ஒரு படகு முன்புறம் நிமிர்ந்த கணத்தில் கரையிலிருந்த அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். அது மெல்லத் தணிந்து நீரைத் தொட்டது. இப்பந்தயத்தில் முதன்முதலாக வென்ற பெண்மணி, 2015-இல் ஷார்ஜாவில் முதலிடம் பெற்ற மாரிட் ஸ்ட்ரோமோய், ஓலே பிறந்த நார்வே நாட்டவர் என்பதை நம் சகோதரிகளுக்காகக் குறிப்பிடுகிறேன்.

மகன் ரால்ஃப் நடத்திய கம்பெனி 2000-இல் திவாலாயிற்று. பெயரை வாங்கிய கனடாக் கம்பெனியும் 2020 மே மாதம் எவின்ரூட் எஞ்சின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழைய எஞ்சின்களைத் தேடிச் சேர்ப்பவர்களுக்கென்று 1965-இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அத்தகையோர் துருவைச் சுரண்டி, தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்றுச் செய்து, ஏரியில் இறக்கி, சுழற்சக்கரத்தைக் கையால் சுண்டிவிடுகிறார்கள். ஒன்றரைக் குதிரைத்திறன் எஞ்சின் புகை கக்கிப் புறப்படுகிறது.