ஜான் வெஸ்லியின் பன்னிருவர் குழு

1742-ஆம் ஆண்டு பிப்ரவரி 15. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜான் வெஸ்லியின் அன்பர்கள் கூடியிருந்தனர். அன்று பேசப்பட்டது பக்தி அன்று, கடன். மூன்றாண்டுகளுக்கு முன் கட்டத் தொடங்கிய பிரார்த்தனைக் கூடத்தின் கடன் இன்னும் தீரவில்லை. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி தரலாம் என்றார் ஒருவர். ஏழைகளுக்கு அதுவும் இயலாதே என்ற தடை எழுந்தது. அப்போது கேப்டன் ஃபாய் என்பவர், மிக வறியவர்களாகப் பதினொருவரைத் தம்மிடம் விடும்படி கேட்டுக்கொண்டார். வாரந்தோறும் அவர்களைச் சென்று காண்பதாகவும், இயலாதவர்க்குத் தாமே செலுத்துவதாகவும் கூறினார். வேறு சிலரும் அவ்வாறே முன்வந்தனர்.

காசு வாங்கச் சென்றவர்கள் ஒரு வீட்டில் கணவன் மனைவி சண்டையையும், இன்னொரு வீட்டில் குடிபோதையையும் கண்டு வந்து சொன்னார்கள். வெஸ்லி விழித்துக்கொண்டார். திறந்தவெளியில் ஆயிரக்கணக்கானோர்க்குப் பிரசங்கம் செய்தவர் அவர். கேட்டவர்கள் வீடு திரும்பி எப்படி வாழ்கிறார்கள் என்பதை அறிய வழியின்றி இருந்தார். பன்னிருவர் கொண்ட குழுக்களை அமைத்தார். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரின் ஆன்ம நிலையையும் விசாரிப்பதும், தேற்றுவதும், தேவையானால் கண்டிப்பதும் குழுத்தலைவரின் கடமை. தலைவர்களில் பலர் சாதாரண மனிதர்கள், பெண்களும் இருந்தனர். மூன்று மாதத்திற்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு புதுப்பிக்கப்பட்டது. திருந்த மறுத்தவர்க்கு அது கிடைக்கவில்லை.

பிறர் இல்லங்களை இவ்வளவு கருத்தாகக் கவனித்தவரின் சொந்த இல்லறத்தில் அமைதி வாய்க்கவில்லை. 1751-இல் மணந்த மனைவி பின்னர் அவரைப் பிரிந்து சென்று, 1781-இல் மறைந்தார்.

வெஸ்லி 1791 மார்ச் 2 அன்று, தமது 87-ஆம் வயதில் காலமானார். தமது உடலை ஆறு ஏழைகள் சுமக்க வேண்டும், அவர்களுக்குத் தலா ஒரு பவுண்டு தர வேண்டும் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.