வைணு பாப்பு

மணலி கல்லாட்டு வைணு பாப்பு (ஆகஸ்ட் 10, 1927 – ஆகஸ்ட் 19, 1982) இந்திய வானியலாளர் ஆவார். விண்மீன்களின் வெளி அடுக்கிலிருந்து வரும் ஒளியைக் கொண்டு அவை வெளியிடும் மொத்த ஆற்றலை மதிப்பிட உதவும் வில்சன்-பாப்பு விளைவைக் கண்டறிந்த இருவருள் ஒருவர். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்கள் அமைந்த பாலாற்றுப் பகுதிக்குத் தெற்கே, சவ்வாது மலையில் உள்ள காவலூர் வானாய்வகத்தை நிறுவியவர். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற முதல் இந்தியரும் இவரே.

பிறப்பும் கல்வியும்

வைணு பாப்பு சென்னையில் பிறந்தார். இவருடைய குடும்பம் கேரளத்தின் மலபார் பகுதியைச் சேர்ந்தது. தந்தை ஐதராபாத்தின் நிசாமியா வானாய்வகத்தில் பணியாற்றியவர். ஆகையால் தொலைநோக்கிகளுடன் பழகும் வாய்ப்பு இவருக்கு இளமையிலேயே கிட்டியது. ஐதராபாத் நிசாம் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பின்னர், ஐதராபாத் அரசின் உதவித்தொகை பெற்று 1949-ல் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்குச் சென்ற சில மாதங்களிலேயே, தாம் எடுத்த ஒளிப்படத் தகடு ஒன்றில் புதிய வால்வெள்ளி ஒன்று பதிந்திருப்பதைக் கண்டார். அது அவருடைய பெயரையும் பார்ட் போக், கார்டன் நியூகிர்க் ஆகிய உடன் ஆய்வாளர்களின் பெயர்களையும் சேர்த்து பாப்பு-போக்-நியூகிர்க் வால்வெள்ளி என அழைக்கப்படுகிறது. இதற்காகப் பசிபிக் வானியல் கழகத்தின் டோனோ பதக்கம் இவருக்கு வழங்கப்பட்டது. 1952-ல் முனைவர் பட்டம் பெற்ற பாப்பு, கார்னிகி ஆய்வு உதவித்தொகையுடன் கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன், பலோமர் வானாய்வகங்களில் பணிபுரிந்தார்.

வெப்பம் பற்றிய ஒரு புதிர்

பாப்பு மேற்கொண்ட ஆய்வின் பொருளை அறிய, வெப்பம் செல்லும் வழியை முதலில் நோக்க வேண்டும். வெப்பம் தானாகப் பாயும்போது வெப்பநிலை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கே பாய்கிறது. கடத்தல், வெப்பச்சலனம், கதிர்வீசல் ஆகிய மூன்று முறைகளுக்கும் இது பொருந்தும். சூரியனின் மையத்தில் உண்டாகும் ஆற்றல் முதலில் கதிர்வீசலாலும் பின்னர் வெப்பச்சலனத்தாலும் வெளிப்புறம் வந்து சேர்கிறது. கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பான ஒளிமண்டலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின் ஆகும். அதற்கு மேலே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் இது 4,400 கெல்வின் அளவுக்குக் குறைகிறது.

அடுப்பிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வெப்பநிலை குறைவதுபோல், அதற்கு அப்பாலும் வெப்பநிலை குறைந்துகொண்டே செல்லும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் அங்கிருந்து வெப்பநிலை மீண்டும் உயரத் தொடங்குகிறது. நிறமண்டலம் எனப்படும் அடுத்த அடுக்கில் அது 10,000 கெல்வினைத் தாண்டுகிறது. அதற்கும் வெளியே உள்ள மகுடப் பகுதியில் (கொரோனா) 10 இலட்சம் கெல்வினுக்கும் மேல் செல்கிறது.

இதனால் வெப்ப இயக்கவியலின் விதி மீறப்படவில்லை. குளிர்ந்த அடுக்கிலிருந்து சூடான அடுக்கிற்கு வெப்பம் தானாகப் பாய்வதில்லை; மேற்பரப்பின் கொந்தளிப்பில் எழும் அலைகளும் காந்தப்புலங்களும் ஆற்றலை இயக்க வடிவிலும் மின்காந்த வடிவிலும் மேலே கொண்டு சென்று அங்கு வெப்பமாக மாற்றுகின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் எந்தச் செயல்முறை எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்றும் ஆய்வுக்குரியதாகவே உள்ளது.

வெப்பநிலையும் வெப்பமும் வெவ்வேறு என்பதையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கம்பி மத்தாப்பிலிருந்து தெறிக்கும் பொறியின் வெப்பநிலை கொதிநீரின் வெப்பநிலையைவிடப் பன்மடங்கு மிகுதி; எனினும் பொறியின் நிறை மிகச் சிறிதாகையால் அதில் உள்ள வெப்பமும் சிறிதே. ஒரு குவளைக் கொதிநீரே பெரிய காயத்தை உண்டாக்கும். அதுபோலவே, மகுடம் மிக உயர்ந்த வெப்பநிலையில் இருந்தாலும் அதன் அடர்த்தி மிகக் குறைவாகையால், அதில் அடங்கிய வெப்ப ஆற்றல் சூரியனின் மொத்த ஆற்றலில் மிகச் சிறு பங்கே ஆகும்.

வில்சன்-பாப்பு விளைவு

விண்மீனின் நிறமாலையில், 393.3 நானோமீட்டர் அலைநீளத்தில், அயனியாக்கப்பட்ட கால்சியம் அகன்ற கரிய கோடு ஒன்றை உண்டாக்குகிறது. இது கே-கோடு எனப்படும். சூரியனைப் போன்ற விண்மீன்களிலும் அவற்றினும் வெப்பநிலை குறைந்த விண்மீன்களிலும் இக்கரிய கோட்டின் நடுவே மெல்லிய ஒளிர்வு ஒன்று காணப்படுவதுண்டு. நிறமண்டலத்தில் வெப்பநிலை உயர்வதன் அடையாளமே இவ்வொளிர்வு.

அமெரிக்க வானியலாளர் ஆலின் வில்சனும் பாப்புவும் பல விண்மீன்களில் இந்த ஒளிர்வின் அகலத்தை அளந்தனர். விண்மீனின் உண்மையான ஒளிர்திறன் மிகும்போது ஒளிர்வின் அகலமும் ஓர் ஒழுங்குடன் மிகுவதை அவர்கள் கண்டனர். ஒளிர்வின் பிரகாசம் விண்மீனுக்கு விண்மீன் வேறுபட்டாலும், அகலத்துக்கும் ஒளிர்திறனுக்கும் இடையிலான இத்தொடர்பு மாறவில்லை. முடிவுகள் 1957-ல் வெளியாயின.

பெரும் விண்மீன்களில் மேற்பரப்பு ஈர்ப்பு குறைவாகையால் நிறமண்டலத்தில் அடங்கும் பொருளின் அளவு மிகுகிறது என்பதும், அதனால் கோடு அகல்கிறது என்பதும் பின்னர் தரப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. அங்குள்ள வளிமக் கொந்தளிப்பின் பங்கையும் ஆய்வாளர்கள் கருத்திற் கொள்கின்றனர்.

இவ்விளைவின் பயன் தொலைவை அளப்பதில் உள்ளது. மங்கலாகத் தோன்றும் விண்மீன் உண்மையில் மங்கலானதா, அல்லது தொலைவால் அவ்வாறு தோன்றுகிறதா என்பதைப் பார்வையால் மட்டும் கூற இயலாது. கே-கோட்டின் அகலம் உண்மையான ஒளிர்திறனைத் தருவதால், தோற்ற ஒளிர்வுடன் ஒப்பிட்டுத் தொலைவை மதிப்பிடலாம். 1989-ல் ஏவப்பட்ட இப்பார்க்கோசு செயற்கைக்கோள் அளந்த தொலைவுகளைக் கொண்டு இத்தொடர்பு பிற்காலத்தில் மீண்டும் சரிபார்க்கப்பட்டது. நேரடித் தொலைவு அளவீட்டின் துல்லியம் இதற்கு இல்லை.

இந்தியாவில் பணிகள்

பாப்பு 1953-ல் தாயகம் திரும்பினார். 1954-ல் வாரணாசியில் தொடங்கப்பட்ட உத்தரப் பிரதேச மாநில வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1955-ல் அதனை நைனித்தாலுக்கு மாற்றினார். இந்நிறுவனமே இன்று ஆரியபட்டா ஆய்வு நிறுவனமாக இயங்குகிறது.

1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். சூரியனின் கே-கோட்டுப் படங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே அங்கு எடுக்கப்பட்டு வந்தன. கே. ஆர். சிவராமனுடன் சேர்ந்து, சூரியனின் கே-கோட்டு ஒளிர்வின் அகலத்துக்கு மேற்பரப்பில் பரவியுள்ள நுண்ணிய ஒளிப்புள்ளிகள் காரணமாவதை ஆராய்ந்து 1971-ல் வெளியிட்டார். அதே ஆண்டில் இந்திய வானியற்பியல் நிறுவனம் தன்னாட்சி அமைப்பாக உருவானபோது அதன் முதல் இயக்குநராகவும் ஆனார்.

காவலூர்

கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கு ஏற்றதாயினும், முகில் மிகுதியால் அங்கு இரவில் விண்மீன்களை நோக்கும் வாய்ப்பு குறைவு. எனவே பாப்பு 1960-களில் வேறிடம் தேடி, அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் வாணியம்பாடிக்கும் ஆலங்காயத்திற்கும் அப்பால் உள்ள காவலூரைத் தேர்ந்தெடுத்தார். இவ்வூர் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காடு சூழ அமைந்த இவ்விடம், நகர விளக்குகளிலிருந்தும் தொழிற்சாலைகளிலிருந்தும் விலகியிருந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து 12.5 பாகை வடக்கே மட்டும் இருப்பதால் தென்வானின் பெரும்பகுதியும் இங்கிருந்து தெரியும். பாப்பு ஈடுபாடு காட்டிய, மிக உயர்ந்த வெப்பநிலை கொண்ட உல்ஃப்-ராயே விண்மீன்களுள் பல தென்வானில் உள்ளன.

1968-ல் கொடைக்கானலிலேயே உருவாக்கப்பட்ட 38 செ.மீ. தொலைநோக்கி இங்கு இயங்கத் தொடங்கியது. 1972-ல் செருமனியின் கார்ல் சைசு நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. யுரேனசு கோளுக்கு வளையங்கள் உள்ளதைக் காட்டிய 1977 மார்ச் 10 நிகழ்வு, உலகின் வேறு சில இடங்களுடன் காவலூரிலும் பதிவு செய்யப்பட்டது.

வெப்பமும் தொலைநோக்கியும்

வானாய்வகம் ஒன்றை அமைப்பதிலும் வெப்பம் பெரும் இடையூறு தருகிறது. பகலில் சூடேறிய தரையும் கட்டடமும் இரவில் வெப்பத்தை வெளிவிடுகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் ஒளியை வெவ்வேறு அளவில் விலக்குவதால், வெப்பச்சலனத்தின்போது விண்மீனின் உருவம் நடுங்குகிறது. வெயிற்காலத் தார்ச்சாலையின் மேல் தொலைவிலுள்ள பொருள்கள் அலைவதுபோல் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். தொலைநோக்கியின் ஆடி சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருந்தாலும் இக்கலக்கம் நேரும்.

ஆடியின் விரிவு மற்றொரு சிக்கல். சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் 10 இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரிகிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியில் 10 பாகை மாற்றம் ஏற்பட்டால் விட்டம் மில்லிமீட்டரில் 5-ல் 1 பங்கு மாறும். ஆடியின் எல்லாப் பகுதிகளும் ஒரே சீராகச் சூடாவதில்லை என்பதால் அதன் வடிவமும் கெடும். ஒளியின் அலைநீளமோ மில்லிமீட்டரில் 2,000-ல் 1 பங்கே. எனவே பெரிய ஆடிகளுக்கு வெப்பத்தால் மிகக் குறைவாக விரியும் கண்ணாடிப் பீங்கான் பயன்படுத்தப்படுகிறது.

1970-களில் பாப்பு திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடி இவ்வகைப் பொருளால் ஆனது. செருமனியிலிருந்து வந்த வட்டு, பெங்களூரில் நிறுவனத்தின் சொந்தப் பட்டறையில் தேய்த்து மெருகூட்டப்பட்டது. தொலைநோக்கியின் வடிவமைப்பும் இயந்திரப் பகுதிகளும் இந்தியாவிலேயே உருவாயின. அயல்நாட்டிலிருந்து முழுமையாக விலைக்கு வாங்குவதைவிட இவ்வழி நீண்ட காலம் பிடித்தது. ஆயினும் பெரிய தொலைநோக்கியைக் கட்டும் திறனை நாட்டிலேயே வளர்க்க வேண்டும் என்பதில் பாப்பு உறுதியாக இருந்தார்.

மறைவும் சிறப்புகளும்

1970-ல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருதும், 1981-ல் பத்ம பூசண் விருதும் பாப்புவுக்கு வழங்கப்பட்டன. 1979-ல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். 1982-ல் ஒன்றியத்தின் பொதுப்பேரவை கிரேக்க நாட்டின் பட்ராசு நகரில் கூடியிருந்த வேளையில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. 2.34 மீட்டர் தொலைநோக்கி அப்போது முடிவடைந்திருக்கவில்லை.

அத்தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி நாட்டுக்கு அர்ப்பணித்தார். தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. 1988-ல் இவ்வானாய்வகத்தில் கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்று கணித மேதை இராமானுசனின் பெயரைப் பெற்றது. 2596 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கு வைணு பாப்புவின் பெயர் இடப்பட்டுள்ளது.