முதியோருக்குக் கட்டிலைக் கொடுத்த புனித ஜீன் ஜூகன்

கொழும்பு மருதானையில் ஏழைகளின் சிறிய சகோதரிகள் நடத்தும் வயோதிபர் இல்லத்தை எமது மக்களில் பலர் அறிவர். பொன்ஜீன் ஆண்டகை கொழும்பின் பேராயராக இருந்த காலத்தில், 1888ஆம் ஆண்டு, இச்சகோதரிகள் இலங்கைக்கு வந்தனர். ஆயினும் இச்சபையைத் தோற்றுவித்த அன்னையின் வரலாற்றை அறிந்தோர் சிலரே. அவருடைய வாழ்நாளின் இறுதியில் அவருடன் வாழ்ந்த இளம் சகோதரிகளில் பலருக்கே அவர் யார் என்பது தெரியாதிருந்தது!

மீனவர் குடியில் பிறந்தவர்

ஜீன் ஜூகன் 1792ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி பிரான்சு நாட்டின் பிரித்தானி மாகாணத்தில், கன்கால் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். பிரெஞ்சுப் புரட்சியினால் திருச்சபை துன்புற்று, ஞானோபதேசமும் மறைவாகவே கற்பிக்கப்பட்ட காலம் அது. மீன்பிடிக்கக் கடலுக்குச் சென்ற தந்தை திரும்பி வரவில்லை. தாய் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். பதினாறாவது வயதளவில் ஜீன் ஒரு பிரபுக் குடும்பத்தின் சமையலறையில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வீட்டு அம்மையார் நோயாளரையும் ஏழைகளையும் காணச் செல்லும்போது இவரையும் உடன் அழைத்துச் செல்வார்.

தம்மை மணக்க விரும்பிய மாலுமி ஒருவரை மறுத்து, இருபத்தைந்தாவது வயதில் சான் செர்வான் நகரின் வைத்தியசாலையில் ஜீன் பணிக்குச் சேர்ந்தார். நோயாளரைக் கழுவுவதும் உடுத்துவதும் ஊட்டுவதுமாக ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் உழைத்து, உடல் தளர்ந்து வெளியேறினார். பின்னர் லெகொக் என்னும் பக்தியுள்ள அம்மையாரின் வீட்டில், அவர் 1835இல் இறக்கும் வரை, பணிப்பெண்ணாகவும் தோழியாகவும் இருந்தார்.

ஒரு கட்டில்

1839ஆம் ஆண்டின் குளிர்காலம். ஜீனுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. வேறு இரு பெண்களுடன் சிறியதொரு வாடகை வீட்டில் குடியிருந்தார். கண்பார்வையற்று, உடலின் ஒரு பக்கம் செயலிழந்த அன்னா ஷோவென் என்னும் விதவைத் தாய் ஆதரவின்றி இருப்பதை அறிந்தார். அவரைத் தம் கைகளிலே தூக்கிக்கொண்டு குறுகிய படிகளில் ஏறினார். தமது கட்டிலில் அவரைப் படுக்கவைத்து, தாம் பரணில் படுத்துக்கொண்டார். இன்று உலகெங்கும் பரவியுள்ள சபை அந்த ஒரு கட்டிலில் தொடங்கியது.

பார்வையும் பாதி உடலும் இழந்த ஒருவரைப் பராமரிப்பது இரக்கத்தால் மட்டும் ஆகிற காரியமன்று. அதற்குப் பழகிய கைகள் வேண்டும். ஜீனுக்கு அப்பழக்கம் வைத்தியசாலையில் கிடைத்திருந்தது. இன்று பராமரிப்பாளர் பயிற்சி பெறும் எமது இளைஞர்களுக்கு முதலில் கற்பிக்கப்படுவதும் இத்தகைய எளிய காரியங்களே.

பார்வையற்றவரைத் தொடுமுன் பெயர் சொல்லி அழைத்து, செய்யப்போவதைச் சொல்ல வேண்டும். கைகளைக் கழுவிய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். குளிப்பாட்டும் நீரின் சூட்டை முதலில் நாமே பார்க்க வேண்டும். கழுவும் பகுதியை மட்டும் திறந்து, மற்றதைத் துணியால் மூடியிருக்க வேண்டும். சட்டை அணிவிக்கையில் செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அக்கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். உணவூட்டும்போது நிமிர்ந்து உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, விழுங்கிய பின்னரே அடுத்த வாய் கொடுக்க வேண்டும், உண்டவுடன் படுக்கவிடலாகாது. எழும்ப இயலாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைத்தால் படுக்கைப் புண்ணைப் பெரிதும் தடுக்கலாம். முதுகிலோ குதிக்காலிலோ சிவப்பு மறையாமல் நின்றால் தாதியிடம் உடனே சொல்ல வேண்டும். தாமே செய்யக்கூடியதை அவரே செய்யவிட வேண்டும்.

இவற்றுள் ஒன்றும் பெரிய வித்தையன்று. ஆனால் ஒன்றைத் தவறவிட்டாலும் துன்பப்படுவது வாய்திறந்து முறையிட இயலாத முதியவரே.

கூடை ஏந்திய கைகள்

அன்னா ஷோவெனைத் தொடர்ந்து மேலும் முதியோர் வந்தனர். 1841இல் பழைய மதுக்கடையொன்றை வாடகைக்கு எடுத்து, பன்னிரண்டு பேருக்கு இடமளித்தார். அம்மூதாட்டியரிற் சிலர் முன்பு பிச்சையெடுத்துப் பிழைத்தவர்கள். அவர்களை மீண்டும் தெருவுக்கு அனுப்ப ஜீன் உடன்படவில்லை. அவர்களுக்கு வழக்கமாக உதவியோரின் வீடுகளைக் கேட்டறிந்து, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையுடன் சென்றார். மீன் வாங்கப் பேலியகொடைச் சந்தைக்குக் கூடை கொண்டுபோக எவரும் கூசுவதில்லை. பிறருக்காகக் கை நீட்டக் கூடை கொண்டுபோவதோ கடினம்! உழைத்து உண்டு வளர்ந்த ஜீனும் அவ்வெட்கத்தை வென்றே சென்றார். இல்லத்தில் இயன்றவர்களுக்கு நூல் நூற்றல் போன்ற சிறு வேலைகளும் கொடுக்கப்பட்டன. இதனால் தாம் எவருக்கும் பாரமில்லை என்ற நிறைவு அவர்களுக்கு ஏற்பட்டது. 1845இல் பிரெஞ்சுக் கலைக்கழகம் ஜீனின் தொண்டைப் பாராட்டி மூவாயிரம் பிராங்கு பரிசளித்தது.

மறைந்திருந்த இருபத்தேழு ஆண்டுகள்

1843 டிசெம்பரில் சகோதரிகள் ஜீனை மீண்டும் தலைவியாகத் தெரிந்தனர். இரண்டு வாரங்களுள் சபையின் ஆன்ம வழிகாட்டியான லெ பயேர் அடிகளார் அத்தெரிவை நீக்கி, இளையவரான மரி ஜாமே என்பவரைத் தலைவியாக்கினார். காலப்போக்கில் சபையைத் தோற்றுவித்தவர் தாமே என்றும் அவர் கூறலானார். 1852இல் ஜீன் தாய்மடத்துக்கு அழைக்கப்பட்டார். இறக்கும் வரை இருபத்தேழு ஆண்டுகள் எப்பொறுப்புமின்றி, சிலுவையின் மரியாள் என்னும் துறவறப் பெயருடன், நவசந்நியாச மாணவியரிடையே வாழ்ந்தார். அவர் முறையிட்டாரில்லை, கசப்பும் கொண்டாரில்லை.

1879ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி, எண்பத்தாறாவது வயதில் அமைதியாக மரித்தார். அப்போது சபையில் ஏறக்குறைய 2,400 சகோதரிகள் இருந்தனர். 1890இல் லெ பயேர் அடிகளார் உரோமைக்கு அழைக்கப்பட்டு, பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். உண்மை மெல்ல வெளிவந்தது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1982இல் ஜீனை முத்திப்பேறு பெற்றவராகவும், பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் 2009 ஒக்டோபர் 11ஆம் திகதி புனிதராகவும் உயர்த்தினர். ஓகஸ்ட் 30 அவருடைய திருநாள்.

எமது இல்லங்களில்

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பேலியகொடையிலும் பிள்ளைகள் கடல் கடந்திருக்க, பெற்றோரைக் கூலிக்கு வந்த ஒரு பெண் பார்த்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. எமது பிள்ளைகளும் அந்நிய நாடுகளில் பிறருடைய பெற்றோரைக் கழுவி ஊட்டுகின்றனர். இவர்களின் வேலையைத் தாழ்ந்ததென்று கருதுவோர் இன்னும் எம்மிடையே உள்ளனர். திருச்சபையோ அதே வேலையைச் செய்த ஒரு பணிப்பெண்ணைப் பீடத்தில் ஏற்றியிருக்கிறது.

ஆகவே, வீட்டில் முதியோரைப் பார்க்கும் பெண்ணை அப்பணிக்கென்றே விடுவோம். சமையலையும் துவைப்பையும் அவர் தலையில் ஏற்றாதிருப்போம். இரவில் கண்விழிப்பவருக்குப் பகலில் ஓய்வு கொடுப்போம். பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவும், நிமிர்த்தி ஊட்டவும் மகனும் மகளும் மருமகளும் கற்றுக்கொள்வோம். முதியோரின் கட்டிலருகே யாரும் காணாமல் செய்யப்படும் தொண்டைக் கடவுள் காண்கிறார். புனித ஜீன் ஜூகன் எமது முதியோருக்காகவும், அவர்களைத் தாங்கும் கைகளுக்காகவும் மன்றாடுவாராக.